பனித் தீவும் மஞ்ஞுத் துவீபும்

இரண்டு நாளாகக் காய்ச்சல். பெரிதாக ஒன்றும் இல்லை, இந்த வயதில் உடம்பு அவ்வப்போது தன் இருப்பைத் தெரிவித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என்னைப் பார்த்துக்கொள்ள வருகிற நெய்யாற்றின்கரைப் பெண் கூடத்தில் நின்று டாக்டரிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அம்மைக்கு நல்ல பனியாணு, ஸாரே." நான் உள்ளே கம்பளிக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறேன், அவள் பனி என்கிறாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எனக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் காதில் விழும்போது முதலில் குளிர்கிறது, பிறகுதான் சுடுகிறது.

ஃபோனை வைத்துவிட்டு வந்தவள் என் நெற்றியில் ஒரு ரப்பர் பையை வைத்தாள். உள்ளே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ். இப்போதெல்லாம் ஐஸுக்கு ஒரு வாசனையும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எங்கள் காலத்து ஐஸ் மரத்தூள் வாசனை அடிக்கும். சாலைக் கடைத்தெருவில் சாக்குக்குள் மரத்தூளைக் கொட்டி அதில் புதைத்து வைத்திருப்பார்கள். யாருக்காவது ஜுரம் தலைக்கேறினால் ஓடிப்போய் வாங்கி வருவோம். மற்றபடி அதற்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தச்சுப்பட்டறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஆர்க்டிக் சமுத்திரத்தை நினைத்துக்கொள்கிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் சாரதாம்மா.

சாரதாம்மாவைச் சொல்வதற்கு முன் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் தெருவில் பி.ஏ. படித்த முதல் பெண் நான். அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெண் வேலைக்குப் போக வேண்டும் என்றதும் பெருமை பாதியாகக் குறைந்துவிட்டது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். "ஒரு வருஷம் போயிண்டு வா. வேலை ஸ்திரமாச்சுன்னா பாத்துக்கலாம். இல்லேன்னா நாக்பூர் ஜாதகம் இருக்கவே இருக்கு." நாக்பூரில் கணக்கு ஆபீஸில் இருந்த ஒரு வரனின் ஜாதகம் அது. அப்பாவின் பூஜை அலமாரியில் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. நான் படித்தது பூகோளம். நாக்பூர் வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷம் முடிவதற்குள் வேலையை ஸ்திரப்படுத்திக்கொண்டே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

கோட்டைக்கு வெளியே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். மலையாளப் பிரிவு பெரியது, தமிழ்ப் பிரிவு சின்னது. தமிழ்ப் பிரிவுக்குப் பூகோளம் நான். மலையாளப் பிரிவுக்குச் சாரதாம்மா. இரண்டு பேருமே தற்காலிகம். எங்களூரில் பாடம் நடத்துகிறவர் ஆணா பெண்ணா என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை, எல்லோரும் "ஸார்"தான். புடவை கட்டிக்கொண்டு போன என்னை முதல் நாளே "ஸாரே" என்று கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். "நின்னைத்தான் எடீ," என்று சொல்லிச் சிரித்தவள் சாரதாம்மா. அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம்.

அவளைப் பார்த்தால் சாது என்று நினைப்பீர்கள். வெள்ளை முண்டும் நேரியதும், நெற்றியில் சந்தனக் கீற்று, மெல்லிய குரல். வாதம் என்று வந்துவிட்டால் அந்தக் குரல் உயராது, ஆனால் நிற்கவும் நிற்காது. கரமனையிலிருந்து நடந்து வருவாள். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவள் ஒருத்தியின் வேலையை நம்பி இருந்தார்கள். அதை அவள் ஒரு நாளும் முறையிட்டுச் சொன்னதில்லை, நானும் நாக்பூர் ஜாதகத்தைப் பற்றி அழுததில்லை. மத்தியானம் என் தயிர்சாதத்தை அவள் சாப்பிடுவாள், அவளுடைய சக்கை உப்பேரியை, அதாவது பலாச்சுளை வறுவலை, நான் சாப்பிடுவேன். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தால் ரகளையாகியிருக்கும்.

தை மாதம் ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மிஸ் ஞானதீபம், நாகர்கோவில்காரர். அடுத்த வருஷம் பூகோளத்துக்கு ஒரே ஆள்தான், இரண்டு பிரிவுக்கும் அவரே, வேலை நிரந்தரம் என்றார். யார் என்பதைப் பரிசோதனைக்கு வருகிற இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சொல்வார். வெளியே வந்தோம்.

"எனிக்கு வேணும், கேட்டோ," என்றாள் சாரதாம்மா.

"எனக்கும் வேணும்," என்றேன்.

"ஆயிக்கோட்டே," என்றாள், ஆகட்டும் என்கிற மாதிரி. அன்றைக்கும் உப்பேரி கொடுத்தாள். ஆனால் எப்போதையும்விடக் கொஞ்சம் குறைவு என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் அந்தத் தீவு வருகிறது. நார்வேக்கு வடக்கே, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கூட்டத்துக்கும் கிழக்கே, உலகம் ஏறக்குறைய முடிகிற இடத்தில் தனியாகக் கிடக்கிறது. தீவு முழுக்க ஒரே பனிக் கவிகை, சோற்றுப் பானையைக் கவிழ்த்த மாதிரி. கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் மட்டும் கொஞ்சம் பாறை வெளியே தெரியும். எவரோ ஒரு டச்சு மாலுமி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்லிவைக்க, தேசப்படம் போடுகிறவர்கள் அவர் பெயரையே அந்த நிலத்துக்கு வைத்து, அவரவர் மனம் போனபடி இங்கும் அங்குமாகப் போட்டுவந்தார்கள். சில படங்களில் அது பெரிய தேசமாகவே இருக்கும். பிறகு வேறு மாலுமிகள் நேரில் போய்ப் பார்த்தால் சின்னத் தீவு. கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம் வெள்ளை, ஆகவே வெள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் அட்லஸில் ஒயிட் ஐலண்ட்.

திருவனந்தபுரத்துப் பெண் குழந்தைகளுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். மிஸ் ஞானதீபத்துக்குப் பைத்தியம், வேறென்ன. பலூனில் ஏறி வட துருவத்துக்குக் கிளம்பிக் காணாமல்போன மூன்று பேரின் உடல்களை, பல வருஷம் கழித்து அந்தத் தீவில்தான் கண்டெடுத்தார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அவர் பிரார்த்தனைக் கூட்டத்தில்கூட பலூனைக் கொண்டுவந்துவிடுவார். பரிசோதனைக்கு ஆர்க்டிக் பிரதேசத்துச் சுவர்ப்படம் ஒன்று போட வேண்டும், அதில் அந்தத் தீவு இல்லாமல் இருக்கக்கூடாது என்று உத்தரவு. படம் வரைவது என் பொறுப்பு. இரண்டு பிரிவுக்கும் ஒரே படம் என்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் பெயர் எழுத வேண்டும்.

கிரீன்லாந்து, ஐஸ்லாந்து எல்லாம் சௌகரியமாக முடிந்தன. இந்தத் தீவு மட்டும் படத்தின் மேல் ஓரத்தில், மரச்சட்டத்துக்குப் பக்கத்தில், ஓர் உளுத்தம்பருப்பு அளவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் ஒரே ஒரு பெயர் எழுதத்தான் இடம். சரி, தமிழும் மலையாளமும் அக்கா தங்கைகள்தானே, இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைக்காமலா போய்விடும் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அப்படி.

முதலில் நான் 'வெள்ளைத் தீவு' என்றேன். சாரதாம்மா வகுப்பில் சொல்லிப் பார்த்தாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தண்ணீரில்லாத தீவு எங்கே இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். சரி, போகட்டும், தீவு முழுக்கப் பனிதானே, 'பனித் தீவு' என்று வைத்துவிடலாம் என்றேன். சாரதாம்மா விடவில்லை.

"எடீ, ஒரு தீவு பூரா பனி பிடிச்சுக் கிடக்குதுன்னு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? கொயினா மருந்தும் கொடுத்து அனுப்பட்டா?"

அவள் சொன்ன பெயர் 'மஞ்ஞுத் துவீபு'. மஞ்ஞு என்றால் அவர்கள் பாஷையில் பனி, துவீபு என்றால் தீவு. எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை, மூக்கடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றேன். மறுநாள் நான் பல்வலியோடு வீட்டில் படுத்துக்கொள்ள, என் வகுப்பையும் அவளே எடுத்தாள். வாய்ப்பை விடுவாளா? தன் பெயரைச் சொல்லிக்கொடுத்து, படம் வரைந்து வர்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறாள். நான் வந்து பார்க்கிறேன், தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தீவுக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி குங்குமமும் வைத்திருந்தாள்.

நான் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு நேரே ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். சாரதாம்மாவும் பின்னாலேயே வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மிஸ் ஞானதீபம் காதைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சும்மா கெடங்க. அந்த எடத்த அப்படியே வெறுமன விட்டிருங்க. இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து எந்தப் பேரு சரின்னு சொல்லுகாங்களோ அத எழுதலாம்."

ஆக, தீவின் பெயரையும் எங்கள் தலைவிதியையும் ஒரே அம்மாள்தான் தீர்மானிக்கப் போகிறார் என்றாயிற்று. எனக்கு அந்த இரண்டும் வேறு வேறு என்றே தோன்றவில்லை. என் பெயர் படத்தில் ஏறினால் வேலை எனக்கு, அவள் பெயர் ஏறினால் நாக்பூர். இப்படி முடிவு கட்டிக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் 'பனி, பனி' என்று மனசுக்குள் ஜபித்தேன்.

பரிசோதனை நாள். என் படம் சுவரில் கம்பீரமாகத் தொங்கியது. உள்ளே நுழைந்ததும் மரத்தூள் வாசனை. பார்த்தால், மேஜைமேல் ஒரு பெரிய உருளி, அதில் தண்ணீர், நடுவில் தலையணை அளவுக்கு ஓர் ஐஸ் கட்டி. இரண்டு பக்கமும் இரண்டு கருங்கல். சாரதாம்மா விடிந்ததும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சாக்கோடு வாங்கி வந்திருக்கிறாள். தீவையே கொண்டுவந்துவிட்டாள். என் உளுத்தம்பருப்பை இனி யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வரவில்லை. வண்டி மாடு படுத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. அது மீன மாதத்து, நம் பங்குனி வெயில், எங்கள் வகுப்புக்கு ஓட்டுக் கூரை. தலையணை மெல்ல மெல்லச் சின்னதாயிற்று. சாரதாம்மா சாக்கைப் போர்த்தினாள், மரத்தூளை அள்ளிப் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் தோளில் கிடந்த தன் நேரியதையே எடுத்துச் சுற்றப்போனாள், மிஸ் ஞானதீபம் தடுத்துவிட்டார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. சும்மா இருக்க மாட்டாமல், "தீவு தேங்காய் அளவு ஆயிடுத்து," என்று அவ்வப்போது நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். தடித்த கண்ணாடி, கையில் குடை. கொச்சிப் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அப்போது உருளியில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆர்க்டிக் மிச்சம் இருந்தது. எங்கள் தெருச் செல்லம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி, படத்தைக் காட்டி, மலையாளத்தில் கேட்டார்.

"இந்தத் துவீபில் ஆளுகள் உண்டோ?"

"ஒருத்தரும் இல்லை ஸார்."

"அதெந்தா?"

"எப்பவும் பனி ஸார். வருஷம் பூரா விடவே விடாது."

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளின் முகம் வாடியது. "கஷ்டம். ஆரும் அவிடே போயிட்டில்லே?"

"பலூன்லே மூணு பேர் போனா ஸார். பனியிலேயே செத்துப் போயிட்டா."

"பாவங்கள்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "இத்ர தணுப்பில் மலம்பனியோ?"

மலம்பனி என்றால் மலேரியா, இவ்வளவு குளிரில் மலேரியாவா என்கிறார். செல்லம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? உற்சாகமாகத் தலையாட்டினாள். "ஆமா ஸார். மலை மேலே இன்னும் ஜாஸ்தி."

மிஸ் ஞானதீபம் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சாரதாம்மாவின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலை அந்த மலம்பனியில் செத்துக்கொண்டிருந்தது. சட்டென்று முன்னால் போய் மலையாளத்திலேயே விளக்கியிருக்கலாம், எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அப்படிச் செய்தால் 'பனி' தோற்றதாகிவிடும் என்று ஓர் அசட்டு வீறாப்பு. நின்ற இடத்தில் நின்றேன். சாரதாம்மாதான் முன்னே வந்து, தமிழில் பனி என்றால் மஞ்ஞு என்று இரண்டு பாஷையிலும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"ஓ," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள். பிறகு உருளியிடம் வந்து குனிந்து பார்த்தார். இந்தக் கலாட்டாவில் எலுமிச்சம்பழமும் போய்விட்டிருந்தது. தண்ணீர், மிதக்கிற மரத்தூள், இரண்டு கருங்கல். "இது எந்தா?" என்று கடைசி வரிசைப் பெண்ணைக் கேட்டார். அது மலையாளப் பிரிவுப் பெண். தீவின் பெயர் எது என்று எங்கள் இருவரின் சண்டையில் குழம்பிப் போயிருந்தது. உருளியை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"வெள்ளம், ஸார்."

அதை மறுக்க எந்தப் பாஷையிலும் வழியில்லை.

அப்புறம் எங்களைத் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் சாரதாம்மாவும் நானும் சேர்ந்தே நடந்தோம். உன்னிடம் என்ன கேட்டார் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரில் யாரை வச்சுக்கலாம்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"என்னையேன்னு சொன்னேன். நீயோ?"

"நானும் என்னைத்தான் சொன்னேன்."

அவள் நின்றாள். நானும் நின்றேன். நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மலம்பனியைச் சொல்லி இன்னொரு தடவை சிரித்தோம். ஒரு வண்டிக்காரர் எங்களுக்காக மாட்டை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார். அவ்வளவு சிரிப்பு அதற்கப்புறம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

வேலை சாரதாம்மாவுக்குக் கிடைத்தது. இரண்டு பாஷைப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்லத் தெரிந்தவர் என்று காரணம் சொன்னார்களாம். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் வலிக்காமலா இருக்கும்? அந்த மழைக்காலம் முழுக்க அவளோடு நான் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள், நான் பந்தியில் அவளுக்கு இன்னொரு தடவை பாயசம் போடச் சொல்லவில்லை. பிறகு நாக்பூர். வெயிலைப் பற்றி நான் படித்திருந்தது எல்லாம் சரி. என்னைக் கட்டிக்கொண்ட இவர் நல்லவர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனாலும் கோடையில் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்தபடி, இந்நேரம் அவள் ஆர்க்டிக் நடத்திக்கொண்டிருப்பாள் என்று நினைத்து எத்தனையோ மத்தியானங்கள் பொருமியிருக்கிறேன்.

முதல் பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோது பார்க்க வந்தாள், உப்பேரியோடு. படத்தில் என்ன பெயர் எழுதினாய் என்று அவள் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வதற்கு முன்பே கேட்டேன்.

"இன்ஸ்பெக்ட்ரஸ் இங்கிலீஷ்ல எழுதச் சொன்னார். எழுதினேன்."

"வகுப்பிலே?"

"ஆத்யம் நின்னோட பேரு சொல்லுவேன். மலையாளப் பிள்ளைகள் எல்லாம் சிரிக்கும். அது கழிஞ்சு என்னோட பேரு சொல்லுவேன். தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்கும்." குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நின்னோட வேலையைக் கொஞ்சம் நான் பாக்கறேன்னு வச்சுக்கோ."

அன்றோடு என் வருத்தம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், குழந்தை நசுங்கி அழுதது.

இவர் ரிடையராகி நாங்கள் ஸ்ரீவராகத்துக்கே திரும்பியபோது பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு இல்லை. மாகாணங்களைப் பிரித்தபோது தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. இங்கே இருந்த குடும்பங்களும் பிள்ளைகளை இங்கிலீஷுக்கும் மலையாளத்துக்கும் மாற்றிக்கொண்டன. கடைசியில் வகுப்பில் ஒரே ஒரு தமிழ்ப் பெண் மிஞ்சினாளாம். அவள் ஒருத்திக்காகச் சாரதாம்மா இரண்டு பெயரையும் சொல்லியிருக்கிறாள். அவள் போன பிறகு நிறுத்திவிட்டாள். என் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம், கீழே ஃப்ரிட்ஜ் விற்கிறார்கள்.

எங்கள் சண்டை மட்டும் தொடர்ந்தது. சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்து, பல் போன வாயால், பனியா மஞ்ஞா என்று மல்லுக்கட்டுவோம். நார்வேக்காரர்கள் தங்கள் பாஷையில் வைத்த பெயரைத்தான் இப்போது அட்லஸில் போடுகிறார்கள், அதற்கும் வெள்ளைத் தீவு என்றுதான் அர்த்தம் என்று என் பேரன் படித்துச் சொன்னான். மறுநாளே அவளிடம் போய், நான் முதலில் வைத்த பெயரைத்தான் அவர்களும் வைத்திருக்கிறார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டேன். நார்வேக்காரனுக்கு என்ன தெரியும் என்றாள்.

போன வைகாசியில், இடவப்பாதி மழையில் சாரதாம்மா போய்விட்டாள். இந்த ஊரில் இனி நான் அந்தத் தீவை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குறுக்கே பேச ஒருவரும் இல்லை. மஞ்ஞுத் துவீபு என்றே இருந்துவிட்டுப் போகட்டும், வேலையும் உனக்கே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்க நான் இப்போது தயார். வாங்கிக்கொள்ளத்தான் அவள் இல்லை.